நடுத்துண்டு

எங்கள் ஊரிலிருந்து வில்லியனூருக்குப் போகிற ரோட்டைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் சொல்வதற்கு நல்லதாக ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரரின் வலது கால் அந்த ரோட்டில்தான் போனது. அதனால் இதை நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. புதுச்சேரி ஒரே விரிப்பாகக் கிடக்கிற நிலம் இல்லை. கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வரும், இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடி புதுச்சேரி வரும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் வேறு சர்க்கார். எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சு என்றும் அந்தப் பக்கத்தை இங்கிலீஷ் என்றும் சொல்கிற கிழவர்கள் எழுபதுகளில்கூட இருந்தார்கள். வில்லியனூர் ரோடும் அப்படித்தான். ஊரிலிருந்து மதகு வரைக்கும் எங்களுடையது. மதகைத் தாண்டியதும் ஓர் எல்லைக்கல். அதிலிருந்து அடுத்த எல்லைக்கல் வரைக்கும் தென்னார்க்காடு ஜில்லா. அதன் பிறகு வில்லியனூர் வரைக்கும் மறுபடி எங்களுடையது. இரண்டு கல்லுக்கும் இடையில் இருந்த ரோட்டை நடுத்துண்டு என்போம். ஒரு முனையில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும், அவ்வளவுதான் அதன் நீளம்.

எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்தைக் கொம்யூன் என்போம். அந்தக் கொம்யூன்காரர்கள் இரண்டு பக்கமும் கப்பி போட்டு, பிற்பாடு தாரும் போட்டார்கள். நடுத்துண்டை யாரும் தொடவில்லை. கொம்யூனைக் கேட்டால் அது மெட்ராஸ் என்பார்கள். தமிழ்நாட்டுப் பஞ்சாயத்தை நான் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் ஜனங்கள் யாரும் அந்த வழியில் போவதில்லை, அவர்களுக்குச் சந்தை வேறு திசையில். யாரோ போவதற்கு அவர்கள் எதற்கு ரோடு போடுவார்கள்? பக்கத்து ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நடுத்துண்டின் மேலேதான் ஓடும். மழைக்காலத்தில் சேறு. கோடையில் அந்தச் சேறு மாட்டுக் குளம்புத் தடத்தோடு காய்ந்து இறுகிவிடும். சைக்கிளில் போனால் பல் ஆடும். ஓரமாக ஒதுங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள்.

அந்த வழியில் தினமும் சைக்கிளில் போனவர்கள் மில் ஆட்கள். புதுச்சேரியில் பஞ்சாலைகள் சங்கு ஊதி ஆட்களை அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஒரு கூட்டம் வில்லியனூர் வழியாகப் போகும். என் வீட்டுக்காரர் அதில் ஒருவர். நான் ஊர்ப் பால்வாடியில் டீச்சர். எங்கள் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளைக்கு மில் வேலை என்று சொன்னதில் என் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என்ன மாதிரி மில் வேலை என்பதை யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் பதிலி என்ற வார்த்தையை நான் தெரிந்துகொண்டேன்.

பதிலி என்றால் பேர் மட்டும் மில்லில் இருக்கும், வேலை இருக்காது. தினமும் ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் எவனாவது வராமல் போனால் அந்த இடத்துக்கு ஒரு பதிலியை உள்ளே விடுவார்கள். சங்கு ஊதிவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவன் எமனே ஆனாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். இப்படி வருஷக்கணக்கில் நின்று, தவறாமல் வந்தவன் என்று பேர் எடுத்தால், ஒரு நாள் பர்மனன்ட் ஆக்குவார்கள். அந்தப் பர்மனன்ட் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் ஜெபத்தில் சேர்த்துச் சொன்னோம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் என் மாமியார் அதற்காகத் தனியாக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வார்.

நடுத்துண்டில் ஒரு பஞ்சர் ஆனால் அன்றைய நாள் போனது. செயின் கழன்றால் போனது. விழுந்து எழுந்தால் போனது. காலையில் போன மனுஷன், நான் பால்வாடிக்குக் கிளம்புகிற நேரத்துக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

"இன்னா, இன்னிக்கும் தொரை சீக்கிரம் வந்துட்டீங்க?"

"பஞ்சர்டி. வாயக் கெளறாத."

எனக்கும் வாய் சும்மா இருக்காது. அவருக்கும் அன்றைக்குப் பார்த்துத்தான் ரோஷம் வரும். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அந்த நடுத்துண்டு மூட்டிவிட்ட சண்டை.

தமிழ்நாட்டுப் போலீசுக்கு மட்டும் அந்தத் துண்டு மேல் ஆசை இருந்தது. அந்தப் பக்கத்தில் மதுவிலக்கு, எங்கள் பக்கத்தில் சாராயக்கடை. அதனால் நடுத்துண்டில் சைக்கிளை நிறுத்தித் தூக்கைத் திறக்கச் சொல்வார்கள். ட்யூப்பில் சாராயம் அடைத்துக் கடத்துகிறான் என்று டயரை அமுக்கிப் பார்ப்பார்கள். வேலைக்குப் போகிறவன் தூக்கில் பழைய சோறு இருக்கும். பள்ளத்தில் விழுந்து அவன் அடிபட்டிருந்தால் கேட்க நாதியில்லை, டயரை மட்டும் அமுக்கிப் பார்ப்பார்கள்.

மனு எழுதிக் கொடுத்தார்கள். பங்குச் சாமியாரை வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் யோசனை சொன்னவர் சுத்துக்கேணி அண்ணன். அவரும் பதிலிதான். சுத்துக்கேணியில் அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு, அண்ணன் தம்பிகள் அதிகம், அதனால் மில்லுக்கு வந்தவர். எங்கள் ஊர் வழியாக வந்து இவர்களோடு சேர்ந்து போவார். என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார், உள்ளே வந்து உட்கார்ந்தால் நேரமாகிவிடும் என்று பயம்.

கொம்யூன் கான்ட்ராக்டர் கல்லைப் பார்த்துத்தானே ரோட்டை நிறுத்துகிறான், கல்லை நகர்த்திவிட்டால் என்ன என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். ஆனால் கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

வில்லியனூர்க் கோயில் தேர் அன்றைக்குச் செய்தார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கத் தேர் பார்க்கப் போயிருந்தது. போலீசும் அங்கேதான். இவர்கள் பட்டப்பகலில் கடப்பாரையோடு போய், மதகுப் பக்கம் இருந்த எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்தார்கள். கயிறு கட்டி, மூங்கிலில் தூக்கி, நடுத்துண்டின் மறுமுனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த இன்னொரு கல்லுக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டார்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி இரண்டு கல்லும் அருகருகே நின்றன. என் வீட்டுக்காரர் தோள் வீங்கி வந்தார். எங்கே என்று கேட்டேன். தேர் வடம் பிடித்தேன் என்றார். கிறிஸ்தவன் தேர் வடம் பிடித்தாயா என்று என் மாமியார் ஒரு பக்கம் ஆரம்பிக்க, உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தமிழ்நாடு அவ்வளவு சுலபமாக இவர்களிடம் தோற்றுப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

அதற்கடுத்த முறை ரோடு வேலை வந்தபோது கான்ட்ராக்டரின் ஆட்கள் கல்லிலிருந்து கல்லுக்கு அளந்தார்கள். மேஸ்திரி அந்த இரட்டைக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தானாம். வேலை நீளமானால் அவனுக்கு நஷ்டமா என்ன? ஒன்றும் கேட்கவில்லை. நடுத்துண்டில் கப்பி கொட்டி, ரோலர் ஓட்டி, மேலே தார் ஊற்றினார்கள். தார் காய்வதற்கு முன்னாலேயே இவர்கள் சைக்கிளை விட்டு ஓட்டிப் பார்த்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார்கள். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் பெரும்பாலும் திரும்பி வரவே இல்லை. திரும்பி வராத நாள் எல்லாம் வேலை கிடைத்த நாள். வருகை எழுதுகிற டைம் ஆபீசில் இவரையும் சுத்துக்கேணி அண்ணனையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு ஆனது. அடுத்த பர்மனன்ட் இவர்கள் இருவரில் ஒருவருக்கு என்று கேட்டில் பேசிக்கொண்டார்கள். பொங்கல் கழிந்தால் தெரிந்துவிடும் என்றார்கள்.

ரோடு நன்றாக இருந்தால் சைக்கிள் மட்டுமா வரும்? இது இவர்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை, எனக்கும் எட்டவில்லை. கார்த்திகை கழிந்து கரும்பு வெட்டு தொடங்கியதும் சர்க்கரை ஆலைக்குப் போகிற லாரிகள் எல்லாம் எங்கள் ரோட்டில் திரும்பின. அதுவரை பள்ளத்துக்குப் பயந்து சுற்றிக்கொண்டு போனவர்களுக்கு நாங்களே குறுக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தோம். தாரின் அகலம் ஒரு லாரிதான். கரும்பை இரண்டு பக்கமும் பிதுங்கப் பிதுங்க அடுக்கிக்கொண்டு வருவார்கள், தோகை ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகும். தார் போட்டவர்கள் ஓரத்துக்கு மண் போடவில்லை. தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம். லாரி வந்தால் சைக்கிள்காரன் அந்த விளிம்பிலிருந்து கீழே குதிக்க வேண்டும். பழைய நடுத்துண்டில் விழுந்தவர்களுக்கு முட்டிதான் தேய்ந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத நேரம், பனி. இவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காத்தடிக்கிற பம்பு என் வீட்டுக்காரரிடம் இருந்ததால் அவர் எப்போதும் கடைசியில் போவார், யாருக்கு என்ன ஆனாலும் நிற்பதற்கு. பின்னால் கரும்பு லாரி வந்தது. முன்னால் போனவர்கள் இறங்கிவிட்டார்கள். இவருடைய முன்சக்கரம் தார் விளிம்பில் மாட்டி, வண்டி இவரை மண் பக்கம் தள்ளாமல் ரோட்டுப் பக்கம் தள்ளிவிட்டது. லாரியின் பின்சக்கரம் காலில் ஏறியது. லாரி நிற்கவில்லை. பனியில் நம்பரை யாரும் பார்க்கவில்லை. சுத்துக்கேணி அண்ணன்தான் ஒரு கட்டை வண்டியை மறித்து, இவரை ஏற்றி, வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது.

அழுதேன். அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, யாரும் அழுவார்கள். அழுது முடிந்ததும் மில்லுக்குப் போனேன்.

டைம் ஆபீசில் இருந்தவர் நல்ல மனுஷன். நாற்காலி போடச் சொன்னார். "ஒரு காலோட ஒக்காந்து செய்யற வேல இங்க கீதும்மா. நூலு சுத்தற பாபினத் தரம் பிரிக்கற எடம். நான் சொல்லிப் பாக்கறேன். ஆனா இவுரு இன்னும் பதிலி. ஆளு வரலன்னா வரலதான், ஏன் வரலன்னு கேக்க மாட்டாங்க. ரோட்டுல அடிபட்டாருன்னு போலீசுல கேசு எழுதி, அந்தக் காயிதம் வந்தா பேரு நிக்கும். பொங்கலுக்கு மில்லு சாத்தறதுக்குள்ள கொணாந்துடு. இல்லன்னா வேலய வுட்டுட்டுப் போனவன் கணக்குல எழுதிருவாங்க" என்றார்.

ஒரு காயிதம்தானே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் புதுச்சேரி ஸ்டேஷனில் ரைட்டர் பெரிய பிளானை விரித்துப் பார்த்தார். மதகைத் தாண்டி அடிபட்டதா, அப்படியானால் அது மெட்ராஸ் எல்லை என்றார். அங்கே எல்லைக்கல் அப்படிச் சொல்லவில்லையே என்று யாரோ காவலர் சொல்ல, ரைட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லு இன்னா சொல்லுதுன்னு எனக்கு இன்னா? பிளான் இன்னா சொல்லுதோ அதுதான். வேணும்னா சர்வேயருக்கு எழுதறேன், வந்து அளக்கட்டும்" என்றார். சர்வேயர் வந்து அளந்தால் கல் நகர்ந்தது தெரிந்துவிடும். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டு ஸ்டேஷனில் ஏட்டையா பிளான் எதையும் எடுக்கவில்லை. "இந்தாம்மா, அந்த ரோட்டுல ஒங்க ஊரு கல்லு எங்க கீது? மதகுலருந்து ரொம்ப தூரம் தள்ளி கீது. நான் பாத்துருக்கேன். அதுக்கு இந்தாண்ட அடிபட்டா ஒங்க பாண்டிச்சேரி கேசு. போய் அங்க குடு" என்றார். அந்த ஏட்டையாதான் எத்தனையோ நாள் அதே இடத்தில் எங்கள் ஆட்களின் டயரை அமுக்கிப் பார்த்தவர். அப்போது அது அவர் எல்லையாக இருந்தது.

இப்படியே போய்ப் போய் வந்தேன். இங்கே போனால் பிளான், அங்கே போனால் கல். பால்வாடிக்கு லீவு போட்டு, ஆஸ்பத்திரிக்கும் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்தேன். உண்மை என்னவென்றால் இரண்டு பேருக்கும் நிற்காத லாரியைத் தேடுகிற வேலை வேண்டாம். அதற்கு நாங்கள் கல்லை நகர்த்தி வசதி செய்து கொடுத்திருந்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் மில் ஆட்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சர்வேயர் பேச்சு அவர்கள் காதுக்குப் போயிருந்தது. ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில் மேல் வைத்தார்கள். சுத்துக்கேணி அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, சர்வேயர மட்டும் கூப்புட வேணாம்மா. அவன் வந்தா கல்ல புடுங்குனது யாருன்னு ஒரு கேள்வி வரும். சர்க்காரு கல்லு. நாங்க எல்லாம் பதிலி ஆளுங்க. போலீசு கேசுன்னு பேரு வந்துச்சுன்னா கேட்டாண்டயே நிக்க வுட மாட்டான்."

எனக்கு அடக்க முடியவில்லை. "எங்க ஊட்டுக்காரருக்குக் காலு போச்சு. வேலயும் போவப் போவுது. ஒங்களுக்கு மட்டும் எதுவும் போவக் கூடாதா? ரோடு மட்டும் நல்லா இருந்தா போதுமா?" என்றேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கல்ல தூக்கனதுல நானும் ஒருத்தன்டி. வுடு."

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

சுத்துக்கேணி அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். நான் அந்த ஆரஞ்சுப் பழத்தைத் தொடவில்லை. இவ்வளவுதானா இவர்கள் சிநேகம் என்று மனசு கொதித்தது. காலையில் தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். யார் யார் தூக்கினார்கள் என்று கேட்டால் என் புருஷன் பேரை முதலில் சொல்லிவிட்டு மற்றவர்கள் பேரையும் சொல்வது என்றுதான் இருந்தேன்.

காலையில் ஏட்டையா முன்னால் போய் நின்றேன். "கல்லு இருக்க வேண்டிய எடம் அது இல்ல, சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பின்ன எது?"

"மதகாண்ட."

"வா, காட்டு" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் முன்னால் நடந்தேன். எப்படிச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மதகுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கல் அங்கே இருந்தது. பழைய இடத்தில், பழைய மாதிரியே. சுற்றிலும் மண் ஈரமாக இருந்தது, காலால் மிதித்து இறுக்கிய தடம் அப்படியே தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் பனை மரத்தடியில் சைக்கிள்கள் நின்றன. மில் ஆட்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், மேலெல்லாம் மண். சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஒருவர்கூடக் கேட்டுக்குப் போகவில்லை.

ஏட்டையா கல்லைப் பார்த்தார். ஈர மண்ணைப் பார்த்தார். பனை மரத்தடியைப் பார்த்தார். பிறகு அவருடைய எல்லைக்குள் பளபளவென்று கிடந்த தார் ரோட்டைப் பார்த்தார்.

"எங்க எல்லயில தாரு போட்டது யாரும்மா?"

"தெரியாதுங்க."

அவர் அடிபட்ட இடத்தைக் காட்டச் சொல்லி, அடி வைத்து அளந்து, எழுதிக்கொண்டார். பனை மரத்தடியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அதில் ஒருவர் சுத்துக்கேணி அண்ணன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் ஏட்டையாவை எதற்காக அழைத்து வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு எங்கள் வாசலில் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

காயிதம் கிடைத்தது. மில் சாத்துவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கால் ஆறி, கட்டைக்கால் பழகி, என் வீட்டுக்காரர் பாபின் தரம் பிரிக்கிற இடத்துக்குப் போனார். சில மாதம் கழித்து அவரைப் பர்மனன்ட் ஆக்கினார்கள். டைம் ஆபீஸ்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பகல் ஷிப்டு, கூட்டு ரோட்டிலிருந்து பஸ். என் மாமியார் லூர்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். நாங்கள் நினைத்தது நடந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், அதில் பொய் இல்லை.

நடுத்துண்டு மறுபடி யாருக்கும் இல்லாத ரோடானது. அந்த வெட்டு முடிவதற்குள் கரும்பு லாரிகள் தாரைப் பிளந்துவிட்டன. ஐப்பசி மழை வந்து கப்பியைக் கிளப்பியது. பள்ளம் விழுந்ததும் லாரிகள் எந்த வருத்தமும் இல்லாமல் தங்கள் பழைய ரோட்டுக்குத் திரும்பிப் போய்விட்டன. கொம்யூன் கான்ட்ராக்டர் அடுத்த முறை வந்தபோது மதகுக் கல்லோடு நிறுத்திக்கொண்டார். இப்போது பழையதைவிட மோசம். மண்ணில் புதைந்திருந்த கப்பிக் கல் டயரைக் கிழித்தது. மில் ஆட்கள் எல்லாரும் அங்கே இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். யாரும் எங்களிடம் குறை சொல்லவில்லை. மில்லில் சொன்ன சேதி என் வீட்டுக்காரர் வழியாக வந்தது. சுத்துக்கேணி அண்ணன் நாலைந்து முறை சங்குக்குப் பிறகு வந்துவிட்டாராம். அவருக்குப் போக வேண்டிய பர்மனன்ட் இடத்துக்கு அவருக்குப் பின்னால் வந்த ஒருவனை எடுத்துவிட்டார்களாம்.

அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு அவமானமாக இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் என்னோடு நியாயம் பேசாமல் போய்க் கல்லைத் தூக்கினார்கள்.

என் வீட்டுக்காரர் வார விடுமுறை நாளில் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். மதகாண்ட என்றார். பக்கத்துச் சூளையில் வீணாய்ப் போன செங்கல் குவிந்து கிடக்கும், கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர் ரோட்டோரத்தில் கட்டைக்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து செங்கல்லை உடைப்பார். நான் கூடையில் வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டி, காலால் மிதித்து, மண் போடுவேன். அடுத்த மழையில் பாதி போய்விடும். மறுபடி கொட்டுவோம். டீச்சரம்மா ரோடு வேலைக்குப் போகிறாள் என்று ஊரில் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு நாள் மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர்கள் வந்தார்கள். மணி அடித்தார்கள், நான் கூடையோடு ஒதுங்கினேன். எல்லாரும் போன பிறகு கொஞ்ச தூரம் பிந்தி சுத்துக்கேணி அண்ணன் தனியாக வந்தார். எங்களைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார். என் பக்கத்தில் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். என் முகத்தைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் என்னிடம் ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. நான் கூடையைக் கீழே வைத்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார்.

"நிக்காதண்ணா, போ. சங்கு ஊதிருவான்."

அவர் ஊன்றிய காலை எடுத்தார். கீழே இறங்காமலே, நான் அப்போதுதான் கொட்டிய செங்கல்லின் மேல் மிதித்துக்கொண்டு போய்விட்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.